கலப்பிரிவுக்கு அசையிற மொடல் செய்யிறது எப்படி? (உயர்தர உயிரியல்)

படுவான்கரை_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வாவிக்கு மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில உயர்தர உயிரியல் படிப்பிக்கிறன். இரண்டாம் அலகில கலப்பிரிவு வரக்குள்ள வருசா வருசம் ஒரே கூத்துத்தான். பிள்ளைகளைக் குழுக்களாப் பிரிச்சு, ரெஜிபோம், பிரிஸ்டல் போட், கம்பளி நூல், கம் எல்லாம் வாங்கிக் குடுத்து, முன்னவத்தை ஒரு குழு, முன் அனுவவத்தை ஒரு குழு, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை எண்டு கலம் பிரியிற அஞ்சு கட்டத்தையும் ஆளுக்கொண்டாச் செய்ய விடுறது. நல்ல வடிவாச் செய்வாங்க. மேற்பார்வைக்கு வாற ஆக்களும் படமெடுத்துக்கொண்டு போவாங்க. பிறகு வருசம் முழுக்க அது சுவரில தொங்கும்.

ஆனா சோதனையில "நான்கு நிறமூர்த்தங்கள் கொண்ட விலங்குக் கலமொன்றின் மேன்முகவவத்தையை வரைக" எண்டு கேட்டா (நிறமூர்த்தம் எண்டா குரோமோசோம்) அரைவாசிப் பேர் கவிழுறாங்க. இழையுருப்பிரிவின் (ஒரு கலம் தன்னைப் போல ரெண்டாகிற பிரிவு) அனுவவத்தையில அமைப்பொத்த ரெண்டையும், அதாவது தாயிட்ட இருந்தும் தகப்பனிட்ட இருந்தும் வந்த ஒரே வகை நிறமூர்த்தங்களை, சோடி சேர்த்து நடுவில வைக்கிறாங்க. மேன்முகவவத்தையில 'வி' வடிவத்தைத் தலைகீழாத் திருப்பி, கை ரெண்டும் முனைவை (கலத்தின்ட அந்தந்தப் பக்கத்து முனையை) பார்க்கிற மாதிரிக் கீறுறாங்க. முன்னவத்தைக்கு முதலே எக்ஸ் வடிவம் இருந்தது எண்டு நினைக்கிற பிள்ளைகளும் இருக்கு.

ஒரே பொருளை இடையவத்தையில இருந்து கடைசி வரைக்கும் கையாலேயே கொண்டுபோற மாதிரி மொடல் ஆராவது செய்திருக்கீங்களா? காசு பெரிசா இல்ல. நுணுக்குக்காட்டி ஒண்டு இருக்கு, வில்லையில பூஞ்சணம் பிடிச்சுப்போய்க் கிடக்கு. பிள்ளைகள் 20 பேருக்கு மேல.

கச்சான்காற்று

வெண்கட்டி காணும் தங்கச்சி. கரும்பலகையில நீங்க கீறுங்க, அழியுங்க, திரும்பக் கீறுங்க. பிள்ளையளையும் அதே மாதிரிக் கீறவிடுங்க. ரெஜிபோம் எல்லாம் கண்காட்சிக்குச் சரி.

வாவிமீன்

நான் ஏ.எல். ரெண்டாம் வருசம். எங்கட பள்ளிக்கூடத்திலயும் இதேதான் மிஸ். எங்கட குழுவுக்கு ஈற்றவத்தை வந்தது. புதுக் கருவுறைக்கு வளையல் ஒட்டினம், புன்கருவுக்குப் பாசிமணி வைச்சம், நல்லா இருந்தது. ஆனா மற்றக் குழு என்ன செய்தது எண்டு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல்ல. அனுவவத்தை செய்த கூட்டாளிக்கு அனுவவத்தை மட்டும் பாடம், எனக்கு ஈற்றவத்தை மட்டும் பாடம்.

மருதமுனை_தறி

தம்பி சொன்னதுதான் விசயமே. அவத்தையைப் பங்கு போட்டுக் குடுத்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம்தான் கிடைக்கும். நடுவில நடந்தது ஆருக்கும் கிடைக்காது.

டீச்சர், நான் சொல்ற முறைக்குச் செலவு மிச்சம் குறைவு. எங்கட ஊரில தறி வச்சிருக்கிற வீடுகள்ல பாவு வெட்டி மிஞ்சின நூல், சாயம் பிசகின நூல் எல்லாம் சும்மாவே கிடைக்கும். நானும் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தான், வாப்பாட காலத்துத் தறி இன்னும் வீட்டில இரிக்கி.

நிலத்தில பெரிய பன்பாய் ஒண்டை விரிங்க. அதுதான் கலம். நடுவில ஒரு கயிற்றை வட்டமாப் போடுங்க, அது கருவுறை. ரெண்டு நிறத்தில நூல் எடுங்க, சிவப்பும் நீலமும் எண்டு வச்சுக்கோங்க. ஒவ்வொரு நிறத்திலயும் நீளமா ஒண்டு, கட்டையா ஒண்டு. ஆக நாலு நூல். நிறம் எண்டது தாயிடமிருந்து வந்ததா தகப்பனிடமிருந்து வந்ததா எண்டதைக் காட்டும், நீளம் எண்டது எந்த நிறமூர்த்தம் எண்டதைக் காட்டும். இந்த ரெண்டையும் முதல் நாளே பிள்ளைகளுக்குப் பிரிச்சுச் சொல்லல்ல எண்டா பிறகு எல்லாம் சிக்கல். கடையில வாங்கிற கம்பளியில அழகுக்காக நாலு நிறம் எடுத்து ஒட்டிப்போடுவாங்க, அப்ப எது எதுக்கு அமைப்பொத்தது எண்டு ஆரால கண்டுபிடிக்கேலும்?

நூலைக் கயிற்று வட்டத்துக்குள்ள குவியலா, சுருட்டாமப் போடுங்க. எக்ஸ் வடிவமும் இல்ல, 'வி' வடிவமும் இல்ல. இடையவத்தையில நுணுக்குக்காட்டிக்குள்ள பார்த்தாலும் இப்பிடித்தான், தனித்தனியா ஒண்டும் தெரியாது. அடுத்தது எஸ் அவத்தை, அதாவது டி.என்.ஏ. இரட்டிக்கிற கட்டம். ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்தில அதே நீளத்தில இன்னொண்டு வெட்டி, நடுவில வெள்ளைத் தையல் நூலால ரெண்டையும் சேர்த்துக் கட்டணும். இந்த இடத்தில ஓடாதீங்க. பிள்ளை தன்ட கையால வெட்டிக் கட்டினாத்தான் இரட்டிப்பு முன்னவத்தைக்கு முதலே முடிஞ்சுது எண்டு மண்டையில நிக்கும்.

முன்னவத்தைக்கு ஒவ்வொரு நூலையும் ரெண்டு பக்கமும் பிடிச்சு நல்லா முறுக்கணும். முறுக்கி முறுக்கிப் போக ஒரு கட்டத்தில அது தானாவே தன்மேல சுருளும். முழ நீளத்தில கிடந்தது விரல் நீளத்துக்கு வந்துரும், தடிப்பாயும் வரும். எங்கட ஒரு கலத்துக்குள்ள கிடக்கிற டி.என்.ஏ.யை நீட்டினா ஏறக்குறைய 2 மீற்றர். அதைச் சுருட்டாம இழுத்துப் பிரிக்கப் போனா என்னாகும் எண்டு கேளுங்க. நூல் சிக்கெடுத்த பிள்ளை எண்டா உடனே பதில் சொல்லும்.

படுவான்கரை_டீச்சர்

நானா, நிறம் நீளம் விசயம் நல்லா விளங்குது. 'வி' வடிவத்துக்கு என்ன செய்யிறீங்க?

மருதமுனை_தறி

ஒண்டும் செய்யத் தேவல்ல! மையப்பாத்தில, அதாவது வெள்ளை நூல் கட்டின இடத்தில, ஒரு இழையைக் கட்டிப் பாயில இழுத்துப் பாருங்க. நடு முதல்ல போகும், கை ரெண்டும் உராய்ஞ்சு பின்னால வரும். 'வி' தானா விழும். பாயை ஈரமாக்கினா இன்னும் வடிவா விழும். கட்டை நடுவில கட்டாம ஒரு நுனிக்குக் கிட்டக் கட்டின நூல் எண்டா 'ஜே' மாதிரி வரும். இழுத்துப் பார்த்த பிள்ளை பிறகு தலைகீழாக் கீறாது.

வந்தாறுமூலை_பூச்சி

நல்ல உரையாடல் இழை, கலக்குங்க. பல்கலைக்கழகத்தில செயன்முறை வகுப்புக்கு உதவியா நிக்கிற ஆள் நான். நானாட மொடலில ஒரேயொரு இடத்தைக் கொஞ்சம் மாத்தினா அது இன்னும் பத்து மடங்கு பேசும்.

வழக்கமா மொடலில மேன்முகவவத்தை வந்த உடனே பிள்ளைகள் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்க, கட்டு அவிழ்ந்து பிரியும். அப்ப பிள்ளைட மனசில பதியிறது என்ன? கதிர்நார் (முனைவில இருந்து வந்து நிறமூர்த்தத்தை இழுக்கிற நார்) இழுத்த பலத்தில சகோதர அரைநிறவுருக்கள், அதாவது இரட்டிச்சுச் சேர்ந்து நிக்கிற அந்த ரெண்டு நூலும், பிய்ஞ்சு போச்சு எண்டு. உண்மையில அப்பிடி இல்ல. அனுவவத்தையிலயே ரெண்டு முனைவில இருந்தும் இழுவை தொடங்கியாச்சு. அந்த இழுவைக்கும் பிரியாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது கொஹீசின் எண்ட புரதம். எல்லா நிறமூர்த்தமும் ரெண்டு பக்கத்தாலயும் சரியாப் பிடிபட்டாப் பிறகுதான் செப்பரேஸ் எண்ட நொதியம் அந்தக் கொஹீசினை வெட்டும். எல்லாத்திலயும் ஒரே நேரத்தில வெட்டும். அதுதான் மேன்முகவவத்தை அவ்வளவு சடுதியாத் தொடங்குறதுக்குக் காரணம்.

ஆகவே வெள்ளை நூல் கட்டை இறுக்கமாப் போடுங்க, இழுத்தா அவிழக்கூடாது. சோடியில ஒரு அரைநிறவுருவின் மையப்பாத்தில இருந்து வடக்கு முனைவுக்கு ஒரு இழை, மற்றதில இருந்து தெற்கு முனைவுக்கு ஒரு இழை. ரெண்டு முனைவிலயும் பிள்ளைகள் மெதுவா இழுத்துப் பிடிக்கட்டும். அப்ப நாலு சோடியும் தானா நடுவுக்கு வரும், நீங்க கையால அடுக்கத் தேவையில்ல. நடுவில ஒரு பிள்ளை கத்தரிக்கோலோட. அந்தப் பிள்ளைக்கு ஒரே சட்டம்தான்: எட்டு இழையும் விறைப்பா நிக்கிறதை விரலால தட்டிப் பார்த்துச் சரி எண்டாப் பிறகுதான் வெட்டலாம்.

இப்ப வேணுமெண்டே ஒரு சோடியில ரெண்டு இழையையும் ஒரே முனைவுக்குக் கட்டி விடுங்க. அந்தச் சோடி நடுவில நிக்காது, ஒரு பக்கமாப் போகும். வெட்டினா ரெண்டும் ஒரே மகட்கலத்துக்குள்ள போய்ச் சேரும். கத்தரிக்கோல் பிள்ளை ஏன் காத்திருக்கோணும் எண்டு கேள்வி கேட்கத் தேவையே வராது.

இந்த விறைப்புச் சங்கதி சும்மா கதை இல்ல. 1995ல லீ, நிக்லஸ் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கும்பிடுபூச்சியின் விந்தாக்கக் கலத்தில செய்து பார்த்தது. ஒரு நிறமூர்த்தம் சரியாப் பிடிபடாம நிக்க, கலம் அடுத்த கட்டத்துக்குப் போகாமக் காத்துக்கொண்டு இருக்கு. அவங்க மெல்லிய கண்ணாடி ஊசியால அந்த நிறமூர்த்தத்தை இழுத்து, செயற்கையா விறைப்புக் குடுத்தாங்க. கலம் எல்லாம் சரி எண்டு நம்பி மேன்முகவவத்தைக்குப் போயிட்டு!

கொக்கட்டி_மரத்தடி

அடேயப்பா, இது எங்கட ஊர்க் கொம்புமுறி விளையாட்டு எல்லோ! வடசேரி அணி ஒரு பக்கம், தென்சேரி அணி ஒரு பக்கம், நடுவில கொளுவின கொம்பு. ரெண்டு பக்கமும் வடம் பிடிச்சு இழுக்க, ஊரே மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். டீச்சர், உங்கட பிள்ளைகளுக்கு வேற ஒண்டும் விளக்கத் தேவல்ல கா.

வந்தாறுமூலை_பூச்சி

அருமை அண்ணன், முனைவுக்கு வடசேரி, தென்சேரி எண்டே பேர் வைக்கலாம். ஆனா ஒரு இடத்தில பிரியும். கொம்புமுறியில இழுத்த பலத்தில கொம்பு முறியோணும், அது முறிஞ்ச பக்கம் தோல்வி. இங்க இழுவை எவ்வளவு இருந்தாலும் கத்தரிக்கோல் வராமப் பிரியாது, ரெண்டு சேரிக்கும் சம பங்கு. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளையே சொல்ல விட்டா அதுவே ஒரு கேள்விக்கு விடை.

அனுவவத்தையில ஒரு பக்கத்தை மட்டும் விடச் சொல்லியும் பாருங்க. நடுவில நேரா நிண்ட வரிசை குலைஞ்சு மற்றப் பக்கம் ஓடும்.

கச்சான்காற்று

சரி, வெண்கட்டி காணும் எண்டு சொன்ன கிழவன் திரும்ப வந்திருக்கிறன். கத்தரிக்கோல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க எல்லாரும் இழுக்கிறதிலயே நிக்கிறீங்க, எண்ணிறதை ஒருத்தரும் சொல்லல்ல. புள்ளி போறது அங்கதான்.

நானாட பாயில நாலு நூல் இருந்தது. இரட்டிப்புக்குப் பிறகு எட்டு நூல். ஆனா நிறமூர்த்தம் எத்தனை? நாலுதான். மையப்பாத்தை எண்ணோணும், நூலை எண்ணப்படாது. டி.என்.ஏ. இரட்டிச்சிட்டு, நிறமூர்த்த எண்ணிக்கை இரட்டிக்கல்ல. மேன்முகவவத்தையில வெட்டின அந்தக் கணத்தில ஒவ்வொரு அரைநிறவுருவும் தனி நிறமூர்த்தம் ஆகுது, ஆக அந்த ஒரு கலத்துக்குள்ள எட்டு. டி.என்.ஏ. அளவோ அப்பவும் கூடல்ல, எஸ் அவத்தை முடிஞ்ச போது இருந்த அளவுதான். குழியவுரு பிரிஞ்சாப் பிறகு ஒவ்வொரு மகட்கலத்திலயும் நாலு நிறமூர்த்தம், பாதி டி.என்.ஏ. இதை ரெண்டு கோடா வரைபில போடச் சொன்னா ஒரே கோட்டைத்தான் ரெண்டு தரம் கீறுவாங்க. ஆனபடியா பாய்க்குப் பக்கத்தில ஒரு பிள்ளை கொப்பியோட இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலயும் "மையப்பாத்து எத்தனை, நூல் எத்தனை" எண்டு ரெண்டு நிரலில எழுதோணும்.

அடுத்தது, அசையாத படத்தை நீங்க இவ்வளவு இளப்பமாப் பேசப்படாது. வோல்தர் பிளெமிங் 1882ல புத்தகம் போடக்குள்ள கையில இருந்தது என்ன? பெரும்பாலும் சலமாந்தரின் இளங்குடம்பியில இருந்து எடுத்துச் சாயம் போட்ட கலங்கள்தானே. ஒவ்வொண்டும் ஒவ்வொரு கட்டத்தில உறைஞ்சு நிண்டது. எதுக்குப் பிறகு எது எண்டு அந்த மனிசன் மூளையால அடுக்கினார். அந்த வேலையைப் பிள்ளைக்கும் குடுங்க. வேர்நுனிக் கலங்களின் படங்களைக் கலைச்சுப்போட்டு, பேர் போடாம அடுக்கச் சொல்லுங்க. பாயில இழுத்த பிள்ளை ஏன் இதை முதல்ல வைக்கிறன் எண்டு காரணம் சொல்லும். இழுக்காத பிள்ளை பாடமாக்கின வரிசையைச் சொல்லும்.

இன்னொண்டு. அஞ்சு அவத்தைக்கும் ஒரே அளவுப் பெட்டி போட்டுச் சுவரில தொங்கவிட்டா, அஞ்சுக்கும் ஒரே நேரம் போகுது எண்டு நினைப்பாங்க. பம்பாய் வெங்காயத்தை ஒரு கிளாஸ் தண்ணியில அடி மட்டும் தொடுற மாதிரி வைச்சா சில நாளில வேர் வரும். அந்த வேர்நுனியைப் பதப்படுத்திச் சாயம் போட்டுப் பாருங்க. பார்வைப் புலத்தில கிடக்கிறதில பெரும்பாலானது இடையவத்தைதான். பிரியிறதுக்குள்ளயும் முன்னவத்தைதான் கூட, மேன்முகவவத்தையைத் தேடித்தான் பிடிக்கோணும். ஒரு அவத்தையில நிக்கிற கலங்களின் எண்ணிக்கைதான் அந்த அவத்தைக்குப் போற நேரத்தைச் சொல்லுது. வில்லைப் பூஞ்சணத்துக்கு ஆரையும் பிடிச்சுத் துடைப்பியுங்க தங்கச்சி. அதில்லாம மொடல் மட்டும் எண்டா நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

வெங்காயத்தைப் பார்த்த கையோட அந்தக் கலத்தில புன்மையத்தி (விலங்குக் கலத்தில முனைவில நிக்கிற சின்ன உறுப்பு) கீறுறவங்களும் இருக்கிறாங்க. வெங்காயம் மாதிரிப் பூக்கிற தாவரத்தில அது இல்லை. கடைசியில பாயை நடுவில கயிறு போட்டு இறுக்குறது விலங்குக் கலத்துக்கு. வெங்காயத்துக்கு நடுவில இருந்து வெளிப்பக்கமா ஒரு தடி வளரோணும், அது கலத்தட்டு.

மருதமுனை_தறி

ஸேர், கலத்தட்டுக்கு நடுவில சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளை வரிசையா வச்சு, ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போக விடுறது வழக்கம். கொல்கியுடலில இருந்து வாற புடகங்கள் அது. தடியை விட அது பொருந்தும்.

கச்சான்காற்று

ஒத்துக்கொள்றன்.

லாப்_கோட்

ஆஸ்பத்திரி ஆய்வுகூடப் பக்கத்தில வேலை செய்யிறன். கதிர்நாரை வெட்டினா என்ன நடக்கும் எண்டதையும் மொடலில காட்டுங்க. இழுக்கிற பிள்ளைகள் எல்லாரும் இழையைக் கையால விடட்டும். சுருளின நிறமூர்த்தங்கள் இரட்டையாவே கிடக்கும், கத்தரிக்கோல் வெட்டாது, கலம் அதிலயே நிண்டு போகும். கொல்சிசின் குடுத்தா நடக்கிறது இதுதான். கதிர்நாரை ஆக்கிற நுண்புன்குழாய் உருவாகாம அது தடுக்குது. நிறமூர்த்தம் எண்ணுற ஆக்களுக்கு இது பெரிய வசதி, நல்லாச் சுருண்டு வடிவாத் தெரியிற நேரத்தில கலத்தை நிப்பாட்டிப் படம் எடுக்கலாம். மனுசனுக்கு 48 எண்டு 1920கள்ல இருந்து படிப்பிச்சுக்கொண்டு இருந்தவங்க. ஜாவாவில பிறந்த ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனில கொல்சிசினும் குடுத்து, உப்புக் குறைஞ்ச திரவத்தில கலத்தை ஊதவும் வைச்சு எண்ணினதில 46 எண்டு வந்தது, 1956ல அதை வெளியிட்டாங்க.

அந்தக் கொல்சிசின் எங்கட வேலியிலயே கிடக்கு. கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கில அது இருக்கு. கிழங்கைச் சாப்பாட்டுக் கிழங்கு எண்டு நினைச்சு அவிச்சுத் திண்டு நஞ்சானவங்களை இலங்கை ஆஸ்பத்திரிகள்ல கண்டிருக்காங்க. முதல்ல வாந்தியும் வயிற்றோட்டமும், பிறகு இரத்தக் கலங்கள் குறையும், தப்பினவங்களுக்குப் பிந்தித் தலைமயிர் கொட்டும். குடல் உட்சுவர், என்பு மச்சை, மயிர் வேர், இந்த மூண்டும் ஏன் அடிபடுது எண்டு பிள்ளைகளிடம் கேளுங்க. கெதியாப் பிரியிற கலங்கள் உள்ள இடம் எல்லாம் அதுதான். தயவுசெய்து செயன்முறைக்கு எண்டு ஒருத்தரும் கிழங்கு கிண்டப் போகாதீங்க. படம் காட்டினாக் காணும்.

வெள்ளாமைக்காரன்

நான் படிச்சது ஓ.எல். வரைக்கும். மகள் இதைப் படிக்கிறா, அவட போனில வாசிச்சன். ஒரு கேள்வி கேட்கலாமா? வாழைப்பழத்துக்குள்ள ஏன் விதை இல்ல? அது கலம் பிரிஞ்சுதானே வளருது. நெல்லுக்கு மட்டும் விதை வருது.

வந்தாறுமூலை_பூச்சி

ஐயா, இந்த இழையிலேயே திறமான கேள்வி உங்கடதுதான்.

நெல்லுக்கு நிறமூர்த்தம் 24, அதாவது 12 சோடி. கோழிக்கூட்டு மாதிரி நாம சாப்பிடுற பெரும்பாலான வாழைக்கு 33. அது 11 வகை, ஒவ்வொரு வகையிலயும் மூண்டு. குட்டி முளைச்சு மரமாக, குலை பெருக்க எல்லாம் இழையுருப்பிரிவு காணும். அதில ஒவ்வொண்டும் தன்னை இரட்டிச்சு, தன்ட சகோதரத்தை விட்டுப் பிரியுது, அவ்வளவுதான். சோடி தேடத் தேவல்ல. மூண்டு இருந்தாலும் 33 இருந்தாலும் குழப்பம் இல்ல. விதைக்கு முதல் புணரி (ஆண், பெண் இனப்பெருக்கக் கலம்) வேணும், புணரிக்கு ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்தம் பாதியாகிற பிரிவு) வேணும். அதில அமைப்பொத்தது ரெண்டு ரெண்டாச் சோடி சேரோணும். மூண்டு இருந்தா மூண்டாவது எங்க போறது? பங்கீடு தாறுமாறாப் போய், புணரி பெரும்பாலும் உருப்படாது. விதையும் இல்ல.

டீச்சர், பாயில சிவப்பு, நீலம், பச்சை எண்டு மூண்டு நிறம் போட்டு ஒடுக்கற்பிரிவு செய்யச் சொல்லுங்க. பிள்ளைகள் சண்டை பிடிச்சே விடையைக் கண்டுபிடிப்பாங்க.

வெள்ளாமைக்காரன்

நல்லா விளங்கிச்சு மகன். மகளுக்கு நான் சொல்லிக்குடுக்கப் போறன் இண்டைக்கு.

படுவான்கரை_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில செய்து பார்த்தம். கல்முனை பஸ்ஸில நானா அனுப்பின நூல் வந்து சேர்ந்தது. மண்டபத்தில பாய் ரெண்டைச் சேர்த்து விரிச்சம், முனைவுகளுக்கு வடசேரி, தென்சேரி எண்டே பேர்.

முறுக்கிற இடத்தில நேரம் போனது. சில பிள்ளைகள் முறுக்கினதைக் கையை விட்டிட, அது சடாரெண்டு அவிழ்ந்து பழையபடி குவியலாச்சு. ஒருத்தன் "ஈற்றவத்தை வந்திட்டு டீச்சர்" எண்டான். சிரிச்சாலும் அவன் சொன்னது சரி, ஈற்றவத்தையில சுருள் தளருது தானே. கையை விட்டா அவிழாம இருக்க, சுருளின நுனியைக் கொடித்துணிக் கிளிப்பால பிடிச்சம்.

கத்தரிக்கோல் வசந்தி எண்டு ஒரு பட்டப்பேர் விழுந்திட்டு, அது போகட்டும். அவ ஒவ்வொரு இழையாத் தட்டிக்கொண்டு வரக்குள்ள எல்லாரும் வாய் மூடி நிண்டாங்க. வேணுமெண்டே நான் ஒரு சோடியைத் தென்சேரிக்கே ரெண்டு இழையும் கட்டி வைச்சிருந்தன். அந்த இழை விறைப்பா இல்ல எண்டு அவ வெட்ட மாட்டன் எண்டு நிண்டா. தென்சேரிக்காரர் "வெட்டு, வெட்டு" எண்டு கத்த, வடசேரிக்காரர் "எங்களுக்கு ஒண்டு குறையுது" எண்டு எண்ணிக் காட்டினாங்க. கடைசியில ஒரு இழையை அவிழ்த்து மாறிக் கட்டினாப் பிறகுதான் வெட்டினா.

சேர் சொன்ன ரெண்டு நிரலும் எழுதினம். மேன்முகவவத்தைக்கு எட்டு எண்டு எழுதின பிள்ளையை முதல்ல மற்றவங்க நம்பல்ல, பிறகு மையப்பாத்தை விரல் வைச்சு எண்ணிப் பார்த்தாங்க.

ஒடுக்கற்பிரிவுக்கு வரக்குள்ளதான் ஒரு இடத்தில நிண்டு போனம். முதலாம் பிரிவில அமைப்பொத்த சோடியை ரெண்டு பக்கமும் இழுக்க விறைப்பே வரல்ல. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகுது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில கட்டு ஒண்டும் இல்லையே. அப்ப கலத்தில எது பிடிச்சுக்கொண்டு நிக்குது?

வந்தாறுமூலை_பூச்சி

டீச்சர், மொடல் தானாவே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கு, அதுக்குத்தான் இவ்வளவு பாடும். பிடிச்சுக்கொண்டு நிக்கிறது குறுக்குப்பரிமாற்றம், அதாவது அமைப்பொத்தது ரெண்டும் துண்டு மாத்திக்கொள்றது.

அடுத்த முறை இப்பிடிச் செய்யுங்க. சகோதர அரைநிறவுருக்களை மையப்பாத்தில மட்டும் கட்டாம, கை வழியேயும் அங்கங்க வெள்ளை நூலால கட்டுங்க. கொஹீசின் கை முழுக்க இருக்கு. பிறகு சிவப்பில ஒரு அரைநிறவுருவின் கையையும் நீலத்தில ஒரு அரைநிறவுருவின் கையையும் ஒரே உயரத்தில வெட்டி, மாத்தி முடிச்சுப் போடுங்க. வெட்டின இடத்துக்கு அங்கால, நுனிப் பக்கமா உள்ள வெள்ளைக் கட்டுகளை அப்பிடியே விடோணும். இப்ப மையப்பாத்துகளை ரெண்டு பக்கமும் இழுங்க. வராது. மாறிப்போன துண்டு தன்ட பழைய சகோதரத்தோட கட்டுப்பட்டுக் கிடக்கிறதால சிவப்பும் நீலமும் ஒண்டை ஒண்டு விடாது. விறைப்பு வரும்.

கத்தரிக்கோல் இந்தத் தரம் கையில உள்ள கட்டுகளை மட்டும் வெட்டும், மையப்பாத்துக் கட்டைத் தொடாது. கலத்திலயும் அந்த இடத்துக் கொஹீசினுக்கு ஒரு காவல் புரதம் இருக்கு. சோடி பிரிஞ்சு போகும், ஆனா ஒவ்வொரு பக்கமும் சகோதர அரைநிறவுருக்கள் சேர்ந்தேதான் போகும். இரண்டாம் பிரிவில நடுக்கட்டையும் வெட்டலாம். ஒரே மொடலில ரெண்டு பிரிவுக்கும் வித்தியாசம், எங்க வெட்டுறம் எண்டதுதான்.

முதலாம் பிரிவில நீளச் சோடியும் கட்டைச் சோடியும் எந்தப் பக்கம் பார்த்து நிக்குது எண்டதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க விடுங்க. ரெண்டு சோடிக்கு நாலு விதம். மனுசனுக்கு 23 சோடி, 8,388,608 விதம், குறுக்குப்பரிமாற்றத்தைச் சேர்க்காம.

கொக்கட்டி_மரத்தடி

கொளுவின கொம்பு இப்பதான் சரியாப் பொருந்துது!

மருதமுனை_தறி

டீச்சர், நூல் முடிஞ்சா சொல்லுங்க. மாத்தி முடிச்சுப் போடுறதுக்குக் கொஞ்சம் தடிச்ச நூலா எடுத்து வக்கிறன், மெல்லிசு எண்டா முடிச்சு தெரியாது.

வாவிமீன்

நானா, எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்குமா? எங்கட மிஸ்ஸுக்கு இந்த இழையைக் காட்டிட்டன். சேர், ஒரு கேள்வி. மேன்முகவவத்தை ஏன் சடுதியாத் தொடங்குது எண்டு கேட்டா, எல்லா இழையும் விறைச்சாப் பிறகு கத்தரிக்கோல் வெட்டும் எண்டு எழுதினாப் புள்ளி தருவாங்களா?

கச்சான்காற்று

தரமாட்டாங்க மகன். செப்பரேஸ் எண்டு எழுது, கொஹீசின் எண்டு எழுது. எல்லா நிறமூர்த்தமும் இரு முனைவுகளில இருந்து வாற நுண்புன்குழாய்களோட இணைஞ்சாப் பிறகே அந்த நொதியம் தொழிற்படும் எண்டு ஒரு வரி எழுது. படம் கேட்டா 'வி'யின் கூர் முனைவைப் பார்க்கட்டும்.